செவ்வாய், வியாழன் முதல் பீரியட்: ஒரு மாணவியின் கைப்பேசியும் படிப்பும் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த மாணவி ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். படிக்கிறார். ஊர் பாம்பன் தீவில். அப்பா ராமேசுவரம் விசைப்படகு ஒன்றில் கூலிக்குப் போகிறவர். சொந்தப் படகு கிடையாது. அம்மா கடல்பாசி எடுக்கப் போவார், பாசி இல்லாத நாட்களில் கருவாட்டு வேலை. ஒரு தம்பி, பள்ளிக்கூடத்தில். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவர்தான். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதில் ரீசார்ஜ் போக மிச்சம் பஸ்ஸுக்கு.

நான் அந்த வகுப்புக்கு டியூட்டர். வருகைப் பதிவேடு, உள்மதிப்பீட்டு மதிப்பெண், பெற்றோரோடு பேசுவது எல்லாம் என் பொறுப்பு. இதை எழுத மாணவியும் அவருடைய அம்மாவும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கடலோரத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ராமேசுவரம் பகுதியில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் தொழிலுக்குப் போவதில்லை. விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. மீன்வளத்துறை அலுவலகத்தில் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிக்கொண்டு கிளம்பும் விசைப்படகு, ராத்திரியெல்லாம் வலை இழுத்துவிட்டு மறுநாள் காலையில் கரைக்கு வரும். ஆக, வாரத்தில் மூன்று ராத்திரி பல வீடுகளில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் எல்லாம் நங்கூரத்தில் கிடக்கும்.

அப்புறம் எல்லைப் பிரச்சினை. பாக் நீரிணை இங்கே குறுகலானது, சர்வதேசக் கடல் எல்லை பக்கத்திலேயே வந்துவிடும். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்த இந்திய மீனவர்கள் 2024ஆம் ஆண்டில் மட்டும் 500 பேருக்கும் மேல். இந்த மாணவியின் அப்பாவும், இவர் பிளஸ் டூ படித்தபோது ஒரு முறை பிடிபட்டு, யாழ்ப்பாணம் சிறையில் சில வாரம் இருந்துவிட்டு வந்தவர்.

முதலில் கண்ணில் பட்டது

முதலாண்டில் இவரைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. நடுத்தரமான மாணவி. முதல் பருவத்தில் சுமார். ஏப்ரல் – மே மாதத்தில் நடக்கும் இரண்டாம் பருவத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண். இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் சறுக்கல். நவம்பரில் நடந்த மூன்றாம் பருவத் தேர்வில் நிறுமக் கணக்கியல் (கம்பெனிக் கணக்கு), வணிகப் புள்ளியியல் இரண்டிலும் அரியர். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போய், கண்டோனேஷன் பணம் கட்டித்தான் தேர்வே எழுதினார்.

துறைக் கூட்டத்தில் இவர் பெயர் வந்தபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முதல் பீரியடில் தூங்குகிறார். டெஸ்க்குக்கு அடியில் போன் ஒளிர்கிறது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிறார், ஆனால் எந்தப் பாடம் நடக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு வகுப்புத் தோழி இன்னொன்றும் சொல்லியிருந்தார்: இன்ஸ்டாகிராமில் ராத்திரி இரண்டு மணிக்கும் இவருடைய பச்சைப் புள்ளி எரிகிறது. அத்தோடு முடிவு கட்டியாயிற்று. ஸ்டாஃப் ரூமில் இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை மதிப்பெண் குறைந்தாலும் சொல்ல ஒரே காரணம் தயாராக இருக்கிறது. பல நேரம் அது சரியாகவும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். அதே வகுப்பில் ஒரு மாணவர் விடிய விடிய ஆன்லைன் விளையாட்டிலும் ரீல்ஸிலும் கிடந்து நான்கு பாடத்தில் அரியர் வைத்தார். அவர் விஷயத்தில் ஸ்டாஃப் ரூம் சொன்னது அப்படியே பொருந்தியது.

முதல் முடிவு: போனை வாங்கி வைப்பது

துறையின் முடிவு எளிமையானது. பெற்றோருக்குத் தகவல் சொல்வது. ராத்திரி 9 மணிக்கு மேல் போன் அம்மா கையில். வகுப்பில் போன் வெளியே தெரிந்தால் துறை அலுவலகத்தில் ஒப்படைப்பது. இதற்குக் காரணம் இருந்தது. ராத்திரி விழிப்புதான் காலைத் தூக்கத்துக்குக் காரணம் என்பது வெளிப்படை. விழிப்புக்குக் காரணம் போன் என்பதும் வெளிப்படை. முன்பு இரண்டு மூன்று பேர் விஷயத்தில் இதே ஏற்பாடு பலன் தந்திருந்தது. துறை அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, “உங்கள் பொண்ணு ராத்திரியெல்லாம் போனில் இருக்கிறாள், கொஞ்சம் கண்டிச்சு வையுங்கள்” என்று சொல்லப்பட்டது.

அந்த ஒரு வாக்கியம் வீட்டில் போய் எப்படி விழுந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. கடலோர ஊரில், கல்லூரியிலிருந்தே போன் வந்து ‘பொண்ணு ராத்திரியில் போன் பேசுகிறாள்’ என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். சித்தப்பா முறையில் ஒருவர் வீட்டுக்கு வந்து, எவன்கூடப் பேசுகிறாள் என்று சத்தம் போட்டிருக்கிறார். படித்தது போதும், அடுத்த வருஷம் ஒரு இடம் பார்த்துவிடலாம் என்ற பேச்சும் அன்றே கிளம்பியிருக்கிறது. அப்பா அதை அமுக்கிவிட்டார். போன் அம்மா கைக்குப் போனது.

முதல் ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. அடுத்த வாரமே பழையபடி முதல் பீரியட் தூக்கம். வீட்டில் சொன்னதைக் கேட்கவில்லை என்று துறையில் எரிச்சல். அம்மாவைக் கல்லூரிக்கு வரச் சொல்லி நான் பேசினேன். பாசி எடுத்த கையில் வெட்டுக்காயத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார். போனை வாங்கி வைத்தீர்களா, பிறகு ஏன் திரும்பக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“நான்தான் டீச்சர் எழுப்பிக் குடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா நடுராத்திரில வந்து கதவத் தட்டுது, கரைக்கு எதுவும் சேதி வந்துச்சான்னு. எனக்கு அதப் பாக்கத் தெரியாது. புள்ளையத்தான் எழுப்பணும்.”

என்ன சேதி, யாருக்கு வரும் என்று அப்போதுதான் கேட்டேன்.

பதிவேட்டில் இருந்த கிழமைகள்

அம்மா போன பிறகு மூன்றாம் பருவ வருகைப் பதிவேட்டை எடுத்தேன். வருகையை நாம் எப்போதும் மொத்தமாகத்தான் பார்க்கிறோம்: நூற்றுக்கு எத்தனை, 75 தாண்டியதா இல்லையா. கிழமை வாரியாகப் பார்ப்பதில்லை. இவருடைய வரிசையில் விரலை வைத்துக்கொண்டு போனால், விடுப்பும் தாமதமும் பெரும்பாலும் செவ்வாயிலும் வியாழனிலும் விழுந்திருந்தன. திங்கள், புதன், வெள்ளியில் மற்ற பிள்ளைகள் மாதிரிதான் வந்திருக்கிறார். சனிக்கிழமை ராத்திரியின் பாதிப்பு ஞாயிறு விடுமுறையில் கரைந்துவிடும், அதனால் பதிவேட்டில் தெரியாது.

விசைப்படகு கடலில் இருக்கும் ராத்திரிக்கு மறுநாள்தான் இவர் வருவதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் காற்று பலமாக அடித்து, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி, டோக்கன் கொடுக்காமல் படகுகளை நிறுத்தியிருந்த நாட்கள் உண்டு. அந்த வாரத்துச் செவ்வாயிலும் வியாழனிலும் இவர் முதல் பீரியடுக்கே வந்திருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் கால அட்டவணையில் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் முதல் பீரியட் நிறுமக் கணக்கியல். கணக்குப் பாடம் கதைப் பாடம் போல இல்லை. பங்கு வெளியீட்டுக் கணக்கில் ஒரு வகுப்பை விட்டால், பங்கு ஒறுப்பிழப்பு (பணம் கட்டாத பங்கை ரத்து செய்வது) நடத்தும்போது உட்கார்ந்திருந்தும் பயனில்லை. அந்த அரியருக்கான விளக்கத்தில் பாதி கால அட்டவணையிலேயே இருந்தது.

மாணவி சொன்னது

நூலகத்தின் பின்பக்க மேசையில் வைத்துப் பேசினோம். படகு பற்றி நானே ஆரம்பித்ததும் அவருக்கு ஆச்சரியம். அவர் சொன்னதன் சுருக்கம் இது.

ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதை ஆரம்பித்த பையன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அட்மின் பொறுப்பை இவரிடம் விட்டுவிட்டுப் போனான். படித்த பிள்ளை, வீட்டில் இருக்கும் பிள்ளை, டைப் அடிக்கத் தெரியும் என்பதுதான் தகுதி. எத்தனை படகு டோக்கன் வாங்கியது, கூண்டு ஏறியதா, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்திடமிருந்து கள்ளக்கடல் (திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை வந்திருக்கிறதா, விடியற்காலையில் எந்தப் படகு கரை சேர்ந்தது, இறால் என்ன விலை என்று எல்லாம் அதில்தான் வரும். பெரும்பாலும் வாய்ஸ் மெசேஜ். அதைக் கேட்டு, சுருக்கி, எழுத்தில் போடுவது இவர்.

நேவி விரட்டுகிறது என்று பேச்சு கிளம்பிவிட்டால் அந்த ராத்திரி நிலைமையே வேறு. நாலா பக்கமும் இருந்து வீடியோ வரும். பாதி பழையது, போன வருஷம் நடந்ததைப் புதுசு போல அனுப்பிவிடுவார்கள். வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கி, படகின் பக்கவாட்டில் டிஎன் 10 என்று வரும் பதிவு எண்ணைப் படித்து, இது நம்ம ஊர்ப் படகு இல்லை, அல்லது இது பழைய வீடியோ என்று சொல்வது இவருடைய வேலை. அப்படிச் சொல்லும்வரை எந்த வீட்டிலும் தூங்க மாட்டார்கள். அப்பா பிடிபட்ட அன்று இவர்கள் வீட்டுக்குச் செய்தி விடிந்த பிறகுதான் வந்தது, அதுவும் தெருவில் யாரோ சொல்லி. அதிலிருந்து படகு போன ராத்திரிகளில் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றார்.

சரி, இன்ஸ்டாகிராம்? அதையும் கேட்டேன். மறைக்கவில்லை.

“செய்தி வந்துருக்கான்னு எடுப்பேன் மேம். இருக்காது. எடுத்தாச்சேன்னு ரீல்ஸ் பக்கம் போயிடுவேன். பாத்தா ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். ஆனா அது இருந்தாத்தான் முழிச்சிருக்க முடியும்.”

காவல் காக்கிறவர் டீ குடிப்பது போல இவருக்கு ரீல்ஸ். இதைக் கேட்டதும் ‘அப்படியானால் இன்ஸ்டாகிராம் குற்றமற்றது’ என்று நான் முடிவு கட்டவில்லை. போன் செட்டிங்ஸில், எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். திங்கள், புதன், சனி ராத்திரிகளில் கம்பங்கள் உயரமாக நின்றன, அதில் வாட்ஸ்அப்பை விட இன்ஸ்டாகிராமின் பங்கு கணிசமாக அதிகம். அவருக்கே அது அதிர்ச்சி. சேதி பார்க்கத்தான் விழித்திருந்தோம் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

படகு போகாத ராத்திரிகளிலும் கம்பங்கள் இருந்தன. ஆனால் அவை பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டன.

ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தபோது

சமூக ஊடகத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2010இல் கிர்ஷ்னரும் கார்பின்ஸ்கியும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் பார்த்ததில், ஃபேஸ்புக் வைத்திருப்பவர்களின் மதிப்பெண் சராசரி குறைவாக இருந்தது. அது தொடர்பைத்தான் காட்டியது, காரணத்தை அல்ல. 2018இல் மார்க்கர், க்னாம்ப்ஸ், ஆப்பெல் மூவரும் சுமார் 29,000 பேரை உள்ளடக்கிய பல ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்தபோது, பொதுவான பயன்பாட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் எதிர்த்தொடர்பு இருந்தாலும் அது மிகச் சிறியது என்று தெரிந்தது. படித்துக்கொண்டே இடையிடையே போனைப் பார்ப்பவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதல். படிப்பு சம்பந்தமாகப் பயன்படுத்துபவர்களுக்கு லேசாக நல்ல பக்கம். சமூக ஊடகம் படிக்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று எல்லோரும் சொல்வதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

எங்கள் மாணவிக்கு இதில் எது பொருந்துகிறது என்று பார்த்தால், எத்தனை மணி நேரம் என்பதை விட எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு என்பதுதான் பொருந்துகிறது. போன் அவருடைய தூக்கத்தைத்தான் கெடுத்தது, தூக்கம் போனதால் செவ்வாயும் வியாழனும் போயின.

இரண்டாவது முடிவு: வேலையைப் பிரித்துக் கொடுப்பது

போனைப் பிடுங்குவது பயனளிக்காது என்பது தெரிந்துவிட்டது. அது மாணவியின் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருந்தால் பயனளித்திருக்கும். ஊருக்கு ஒரு வேலை நடக்க வேண்டும், அதைச் செய்ய வேறு ஆள் இல்லை. ஆள் தேடுவதுதான் வழி. இதில் கல்லூரிக்கு என்ன வேலை என்று துறையில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கல்லூரி செய்தது இவ்வளவுதான்: அம்மாவைக் கூப்பிட்டு, பதிவேட்டில் செவ்வாயையும் வியாழனையும் சிவப்பில் வட்டமிட்டுக் காட்டினோம். மிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டார்.

ஊரில் முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ‘அந்தப் புள்ள நல்லாத்தானே பாத்துக்கிது’ என்றார்கள். சம்பளமில்லாத வேலையை நன்றாகச் செய்கிறவரிடமிருந்து யார் வாங்கிக்கொள்வார்கள்? அப்படியென்றால் என் பிள்ளை குரூப்பை விட்டே வெளியேறிவிடும் என்று அம்மா சொன்ன பிறகுதான் பேச்சு நகர்ந்தது. கடைசியில் ஏற்பாடு இப்படி அமைந்தது.

மூன்று பேர் அட்மின். படகு உரிமையாளர் ஒருவரின் கணக்குப்பிள்ளை, தொழில் நாட்களில் எப்படியும் படகுத்துறையில் விழித்திருப்பவர், ராத்திரிப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். செல்போன் கடை வைத்திருக்கும் உறவுக்காரர் விடியற்காலை. மாணவிக்குச் சாயங்காலம் மட்டும்: வானிலை, டோக்கன் விவரம், அறிவிப்புகள். ராத்திரி 10 மணிக்கு மேல் குரூப்பில் அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று அமைப்பை மாற்றினார்கள். பழைய வீடியோ குவிவது அதிலேயே பாதி நின்றது.

மாணவியின் போனில் செய்த மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் உண்மையில் தூக்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. அவசரச் செய்தி மெசேஜாக வராது, அழைப்பாகத்தான் வரும் என்று கணக்குப்பிள்ளையோடு பேசி வைத்துக்கொண்டோம். பிறகு ராத்திரி 10 முதல் காலை 5 வரை ‘டோன்ட் டிஸ்டர்ப்’. அதில் மூன்று எண்களுக்கு மட்டும் விலக்கு: கணக்குப்பிள்ளை, செல்போன் கடைக்காரர், அப்பா. போன் படுக்கைக்குப் பக்கத்தில் இல்லை, அடுக்களைத் தட்டில், ரிங் சத்தத்தை முழுதாக வைத்து. மணி அடித்தால் வீடே எழுந்துவிடும். அடிக்காவிட்டால் எடுத்துப் பார்க்க எதுவும் இல்லை. முன்பு, மெசேஜ் வராதது ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கா, இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்பதற்கா என்று அவருக்குத் தெரியாது. அந்தக் குழப்பம்தான் அரை மணிக்கொரு தடவை போனை எடுக்க வைத்தது.

இன்ஸ்டாகிராமை அழிக்கச் சொல்லவில்லை. ஒரு நாளுக்கு அரை மணி என்று டைமர் வைத்தார். அது பெரிதாகப் பலிக்கவில்லை. நேரம் முடிந்ததும் டைமரையே நீட்டிவிடுவதாக அவரே சொன்னார்.

பாட விஷயத்தில், கால அட்டவணையை ஒருவருக்காக மாற்ற முடியாது. விட்டுப்போன கணக்கு வகுப்புகளுக்குத் தோழியின் நோட்டைப் போட்டோ எடுத்து வகுப்பு குரூப்பில் போடச் செய்தோம். யூடியூபில் தமிழில் கணக்கியல் நடத்தும் வீடியோக்களைப் பாடத்திட்டத்தோடு பொருத்தி ஆசிரியர் ஒருவர் பட்டியல் கொடுத்தார். ஊரிலிருந்து கல்லூரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்பு பாம்பன் பாலம் ஏறுவதற்குள் தூங்கிவிடுவார். இப்போது டவுன்லோடு செய்த வீடியோவைப் பார்த்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். எல்லா நாளும் இல்லை, பாதி நாள்.

பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும், அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணைக் கொடுத்தேன். அழைத்தால் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று அவர் கூப்பிடவில்லை. சித்தப்பா போட்ட சத்தத்துக்குப் பிறகு, போனில் யாரிடமாவது அந்தரங்கமாகப் பேசுவதே அந்த வீட்டில் முடியாத காரியமாகியிருந்தது.

என்ன நடந்தது

நான்காம் பருவம் பாதி ஓடிய பிறகுதான் இந்த ஏற்பாடு நிலைகொண்டது. அதற்குப் பிறகு செவ்வாய், வியாழன் வருகை மற்ற நாட்களுக்குச் சமமானது. பருவ முடிவில் கண்டோனேஷன் தேவைப்படவில்லை. நிறுமக் கணக்கியல் அரியரை முதல் முயற்சியிலேயே முடித்தார்.

புள்ளியியல் முடியவில்லை. அதற்கு அடுத்த முறையும் முடியவில்லை. விடைத்தாளை வைத்துப் பார்த்தபோது காரணம் போன் பக்கமே இல்லை: பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர், திட்ட விலக்கத்தில் வர்க்கமூலம் எடுக்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறார். முதல் கூட்டத்தில் இரண்டு அரியரையும் ஒரே காரணத்தின் கீழ் எழுதியிருந்தோம்.

ஐந்தாம் பருவத்தில் ஏற்பாடு ஒரு முறை சோதிக்கப்பட்டது. ஒரு புதன் ராத்திரி இரண்டு மணி வாக்கில் கணக்குப்பிள்ளையின் அழைப்பு வந்திருக்கிறது. அப்பா போன படகில் இன்ஜின் கோளாறு, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வருகிறது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. அன்று வீட்டில் யாரும் திரும்பப் படுக்கவில்லை. படகு கரைக்கு வந்தபோது வியாழன் நண்பகல் ஆகிவிட்டது. காலையில் இருந்த உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு இவர் வரவில்லை, ஆனால் ஏழு மணிக்கு எனக்கு மெசேஜ் போட்டிருந்தார். மறுதேர்வு கொடுத்தோம். இவருக்கு மட்டும் ஏன் சலுகை என்று ஒரு சக ஆசிரியர் கேட்டதில் நியாயம் இருந்ததால், கடலில் விபத்தோ கைதோ நடந்தால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் டியூட்டர் குறிப்போடு மறுதேர்வு எழுதலாம் என்று துறையில் பொதுவாகவே எழுதி வைத்துக்கொண்டோம். அடுத்த மாதமே வேறு வகுப்பு மாணவர் ஒருவருக்கு அது தேவைப்பட்டது.

தடைக்காலத்தில் பார்த்தது

நான்காம் பருவத் தேர்வு தடைக்காலத்தில் வந்தது. அப்பா வீட்டில். ராத்திரிக் கவலை இல்லை. தேர்வு முடிந்து ஹால் டிக்கெட்டைக் காட்ட வந்தபோது போனின் பயன்பாட்டு நேரத்தையும் காட்டினார். நான் கேட்கவில்லை, அவருக்கே அதில் ஆர்வம் வந்திருந்தது. மொத்த நேரம் குறையவே இல்லை. ஒரு சில வாரங்களில் ஜனவரியை விடக் கூடுதல். மத்தியானம், சாயங்காலம் என்று பரவிக் கிடந்தது. ராத்திரி மட்டும் காலி. அந்தப் பருவத்து மதிப்பெண்கள் இதுவரை அவர் எடுத்ததிலேயே நல்லவை. முதலாண்டின் இரண்டாம் பருவமும் இதே தடைக்காலத்தில்தான் முடிந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதை வைத்து ரொம்ப தூரம் போகக் கூடாது. தடைக்காலத்தில் அப்பா பத்திரமாக இருக்கிறார் என்ற நிம்மதி, தேர்வு விடுமுறை, புதிய ஏற்பாடு எல்லாமே ஒன்றாக வந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மணி நேரக் கணக்கு மட்டும் இந்த மாணவியின் மதிப்பெண்ணை விளக்கவில்லை, அது வரை சொல்லலாம்.

இனி மாற்றிக்கொள்வது

வீட்டுக்குப் போகும் முதல் அழைப்பில் ‘போன்’ என்ற வார்த்தையே வரக் கூடாது என்று துறையில் முடிவு செய்திருக்கிறோம், மாணவிகள் விஷயத்தில் கண்டிப்பாக. வருகை குறைந்திருக்கிறது, மதிப்பெண் குறைந்திருக்கிறது, ஒரு நாள் வாருங்கள் பேசலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வது. போன் பற்றிய பேச்சு நேரில், அதுவும் மாணவியிடம் முதலில். அந்த ஒரு அழைப்பு இவருடைய படிப்பையே நிறுத்தும் இடம் வரை போனது. அப்பா வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கு வேலையே இல்லை.

வருகைப் பதிவைக் கிழமை வாரியாகப் பார்ப்பது இப்போது டியூட்டர் வேலையில் ஒன்று. சேர்க்கைப் படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் ‘மீனவர்’ என்று மட்டும் இருந்தது; விசைப்படகா நாட்டுப்படகா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். அம்மா பாசிக்குப் போகிற வீடுகளில் வேறு ஒரு கால ஒழுங்கு இருக்கிறது, அதையும்.

கணக்குப் பாடத்தைச் செவ்வாய், வியாழன் முதல் பீரியடில் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். அடுத்த ஆண்டு அட்டவணையில் செவ்வாய் மாறியது, வியாழன் மாறவில்லை. ஆய்வக நேரத்தோடு மோதுகிறது என்றார்கள்.

மனநல உதவியை எண் எழுதிய துண்டுச்சீட்டாகக் கொடுப்பதில் பயனில்லை. கல்லூரியிலேயே, துறைக்கு வெளியே ஒரு அறையில், கல்லூரிப் போனிலிருந்தே பேச வழி செய்ய வேண்டும் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

மாணவி இப்போது ஆறாம் பருவத்தில். குரூப்பில் சாயங்கால அட்மினாகத் தொடர்கிறார். இன்ஸ்டாகிராம் டைமரை மறுபடி அரை மணிக்குக் குறைத்திருக்கிறார், அதையும் நீட்டுகிறார். புள்ளியியலுக்காக வாரத்தில் இரண்டு சாயங்காலம் கணிதத் துறையில் ஒரு முதுகலை மாணவியிடம் உட்கார்கிறார். இந்த ஏப்ரலில் மூன்றாவது முறையாக அந்த அரியரை எழுதுகிறார்.